காலும் கையும் காக்காயும்

வெள்ளூரணிக்குப் பட்டாசுக் கம்பெனிகள் வந்த பிறகு அந்த ஊரை விட்டுக் காக்காய்கள் போய்விட்டன. செய்த வெடி ஒழுங்காக வெடிக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் சாயங்காலந்தோறும் மேற்குப் பொட்டலில் வெடித்து வெடித்துப் பார்க்க, முதலில் கொக்கு போனது, அப்புறம் மைனா போனது, குருவி எப்போது போனது என்று யாரும் கவனிக்கவே இல்லை, கடைசியில் கல்லால் அடித்தாலும் அடுத்த சுவருக்கு மேல் போகாத காக்காயும் சலித்துப்போய்க் கிளம்பிவிட்டது. வடகம் காயப்போடுகிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். காவலுக்கு ஆள் வேண்டாம், கறுப்புத் துணி கட்ட வேண்டாம், நிம்மதி என்றார்கள்.

அந்த நிம்மதி வெகுநாள் நிலைக்கவில்லை, ஏனென்றால் பட்டாசு செய்கிற ஊரில் சாவு தனியாக வராது. மருந்து கலக்கிற ஷெட்டில் ஒரு தீப்பொறி விழுந்தால் தெருவுக்கு ஒரு வீட்டில் ஒப்பாரி எழும்பும், போனவர்கள் எல்லாரும் வயசுப் பிள்ளைகளாக இருப்பார்கள், பாதிப் பேர் அன்றைக்குக் காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போனவர்களாக இருப்பார்கள். அமாவாசைக்கு அமாவாசை அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து மொட்டை மாடியில் இலை போட்டு “கா, கா” என்று தொண்டை வறளக் கூப்பிட்டால் வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. காக்காய் எடுக்காமல் வீட்டில் ஒருவரும் வாயில் பருக்கை வைக்கக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் மயங்கி விழுந்தார்கள். சிலர் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் வைத்துவிட்டு வந்தார்கள், ஆனால் விலாசம் தெரியாமல் தன் பிள்ளை அங்கே எப்படி வருவான் என்ற கவலையில் வீடு திரும்பியும் சாப்பாடு இறங்கவில்லை. இப்படியாக வெள்ளூரணியில் செத்தவர்கள் எல்லாரும் பட்டினி கிடந்தார்கள்.

அந்த ஊரில்தான் பேச்சிக்கனி இருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள், கண் ஒரு பக்கம் போகும், வெட்டிப்போட்ட மரம் மாதிரி விழுவாள், காலும் கையும் இழுக்கும், வாயில் நுரை தள்ளும், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து வெட்கப்பட்டுச் சேலையைச் சரிசெய்துகொள்வாள். நெருப்பு இருக்கிற இடத்துக்கு அவளை விட முடியாது என்று கம்பெனியில் சேர்க்கவில்லை. அதனால் வீட்டிலிருந்தே வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களை உருட்டிக் கொடுத்துவந்தாள். கல்யாணம் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவளும் அம்மா குருவம்மாளும்தான் வீட்டில். அப்பா ஒரு கால் சாய்த்து நடப்பவர், அதனாலேயே வெடித்த ஷெட்டிலிருந்து ஓடி வெளியே வர முடியாமல் போனவர்.

ஆடி அமாவாசை ஒன்றில், ஊர் முழுக்க இலை போட்டு, ஊர் முழுக்கக் கூப்பிட்டுச் சலித்து, ஊர் முழுக்கப் பசியோடு உட்கார்ந்திருந்த வேளையில், பேச்சிக்கனி தன் வீட்டு வாசலில் விழுந்தாள். “ஏய், கனிக்குக் காக்கா வலிப்பு வந்துருச்சு, காக்கா வலிப்பு” என்று தெருவே கத்தியது. உடனே காக்காய்கள் வந்துவிட்டன. மேற்கேயிருந்து, கிழக்கேயிருந்து, வெயில் மங்கும்படி வந்து, எந்த வீட்டு இலை எது என்று யாரும் சொல்லாமலே அவரவர் வீட்டு மாடியில் இறங்கிச் சாப்பிட்டன. அவள் கண் திறந்த நொடியில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்து போயின. ஏன் வந்தன என்று என்னிடம் கேட்காதீர்கள். வலிப்புக்குக் காக்காயின் பேரை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கத்திக் கூப்பிட்டால் ஒரு நாளாவது வந்துதானே தீர வேண்டும்.

அச்சாபீஸ் ரெங்கையாவின் மகன் கதிரேசன் ஷெட்டில் போனவன். ரெங்கையா வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறவர், மகனின் உடம்பு என்று ஒரு மூட்டையை மட்டும் வாங்கி வந்து எரித்தவர், அது மகன்தானா என்ற சந்தேகம் அன்றுவரை தீராதவர். அவர் வீட்டு இலையில் இறங்கிய காக்காய் சோற்றைத் தொடாமல் முதலில் வடையை எடுத்தது. கதிரேசனும் அப்படித்தான், வடை தீர்ந்த பிறகுதான் சோற்றுப் பக்கம் வருவான். ரெங்கையா மாடியிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்து பேச்சிக்கனியின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வாயில் நுரை காயாமல் கண் விழித்த பேச்சிக்கனி, தன் தகப்பன் வயதுக்காரர் ஒருவர் தரையில் கிடந்து அழுவதைப் பார்த்துவிட்டு, “இவுகளுக்கும் வந்துருச்சாம்மா?” என்று அம்மாவிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. நல்லதற்குப் பழகுவதைவிட இந்த மாதிரி விஷயத்துக்கு ஊர் வேகமாகப் பழகும். முன்பெல்லாம் அவள் விழுந்தால் இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று சாவிக்கொத்தோடு ஓடிவந்தவர்கள் இப்போது இலைச்சோற்றோடு மாடிக்கு ஓடினார்கள். அவள் தலை கல்லில் மோதாமல் பிடிக்க ஆளில்லாமல் போனது. அவள் விழுகிற நாளையே அமாவாசையாக வைத்துக்கொள்ளலாம் என்று கோயில் பூசாரி சொல்லிவிட்டார். அப்பளம் பொரித்து எப்போதும் தயாராக டப்பாவில் போட்டு வைத்தார்கள். கடைத்தெருவில் அவளைக் கண்டால் பெண்கள் நின்று அவள் கண்களையே உற்றுப் பார்ப்பார்கள், “என்ன கனி, இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கியே, தல சுத்துதா?” என்று ஆசையாகக் கேட்பார்கள். இல்லை என்றால் முகம் வாடிப்போகும். பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். கோயிலில் முதல் திருநீறு அவளுக்குத்தான். சாமி மாதிரி வைத்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டும், சாமியிடம் யாரும் உனக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்பதில்லை அல்லவா, அதே மாதிரி.

இதில் பேச்சிக்கனிக்கு ஒன்றுதான் ஆதங்கம். அத்தனை காக்காயில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் கண் சொருகும்போது வரும், கண் திறக்கும்போது போய்விடும். தாழ்வாரத்து ஓட்டின் மேல் எச்சம் இருக்கும், முற்றத்தில் ஒரு கறுப்பு இறகு கிடக்கும். “அப்பா வந்தாராம்மா?” என்று கேட்பாள். “வந்தாருத்தா. காலச் சாய்ச்சுச் சாய்ச்சுத் தத்திக்கிட்டு வந்தாரு. கருவாட்டுக் கொழம்புல கெடந்த கத்திரிக்காய மட்டும் ஒதுக்கிட்டாரு” என்று குருவம்மாள் முகமெல்லாம் மலர்ந்து சொல்வாள். அந்த மலர்ச்சியைப் பார்க்கப் பேச்சிக்கனிக்குப் பிடிக்கும், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும்.

அவளுக்கென்று ஓர் ஆசை இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு குளிக்க வேண்டும். வலிப்புக்காரிகள் தாழ் போடக் கூடாது. குளியலறைக் கதவில் இருந்த தாழ்ப்பாளை அவள் வயதுக்கு வந்த வருஷமே கழற்றிவிட்டார்கள். அவள் உள்ளே குளிப்பாள், அம்மா வெளியே ஒருக்களித்த கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நிமிஷத்துக்கு ஒரு தரம் “கனீ” என்பாள், உள்ளேயிருந்து “ம்” என்று பதில் வர வேண்டும். சோப்பு வாய்க்குள் போனாலும் “ம்” சொல்ல வேண்டும், அழுகை வந்தாலும் “ம்” சொல்ல வேண்டும். வளர்ந்த பெண், தன் உடம்பைத் தான் மட்டும் பார்த்துக் குளித்தது கிடையாது. “என்னைக்காவது ஒரு நாளு, ஒங்களுக்குப் பதிலே சொல்லாமக் குளிக்கணும்மா” என்பாள்.

மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்காக ஊர் ஊராக வந்துகொண்டிருந்த நரம்பு டாக்டர் நஸ்ரின் அவள் வீட்டுக்கும் வந்தார். ஊர்க்காரர்கள் காக்கா வலிப்பு காக்கா வலிப்பு என்று பெருமையாகச் சொன்னதைக் கேட்டு, “அது காக்கா இல்லங்க. கால் கை வலிப்பு. கால், கை. பேசிப் பேசிக் காக்கான்னு ஆயிருச்சு. காக்காய்க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது” என்று திருத்தினார். ரெங்கையா கையைக் கட்டிக்கொண்டு, “காலும் கையும் எங்ககிட்டயே இருக்கு டாக்டரம்மா. காக்காதான் இல்ல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பேச்சிக்கனியின் தலை நிறைய ஒயர் ஒட்டினார்கள், ரத்தம் எடுத்து எங்கெங்கோ அனுப்பினார்கள். அங்கே அவள் ஒரு தரம் விழுந்தபோது ஆஸ்பத்திரி ஜன்னலெல்லாம் காக்காயாக வந்து உட்கார்ந்தது. டாக்டர் அதையும் குறித்துத்தான் வைத்தார், பெரிய டாக்டர்கள் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள், அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முடிவு வந்ததும் டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “மூளையில ஒவ்வொரு செல்லுக்கும் சின்னச் சின்னக் கதவு இருக்கும்மா. அது வழியாத்தான் உப்புச்சத்து உள்ள போகும், வெளிய வரும், அப்பத்தான் ஒரு செல்லு இன்னொண்ணுக்குச் சேதி சொல்ல முடியும். உனக்கு அதுல ஒரு வகைக் கதவு பொறவியிலேயே சரியாச் சாத்த மாட்டேங்குது. அதனால எல்லாச் செல்லும் ஒரே நேரத்துல கத்துது.”

“அப்ப என் மண்டைக்குள்ளயும் தாழ்ப்பா கெடையாதா டாக்டர்?”

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “கெடையாது. இதுவரைக்கும் நீ சாப்ட்ட மாத்திரை எல்லாம் மூளையவே மொத்தமாத் தூங்க வைக்கிற மாதிரி. இப்ப ஆராய்ச்சியில ஒரு மருந்து இருக்கு, பேருகூட இன்னும் வைக்கல. அது அந்தக் கதவை மட்டும் தேடிப் போய்ச் சாத்தும். எல்லாருக்கும் கேக்காது. உன் ரத்தத்துல தெரிஞ்ச கோளாறுக்குக் கேக்கும்னு நெனைக்கிறேன்.”

கேட்டது. வெள்ளைப் புட்டியில் வந்த வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அவள் விழவில்லை. மாதங்கள் போயின, விழவில்லை. மழை வந்து ஓட்டின் மேல் இருந்த எச்சத்தைக் கழுவிவிட்டுப் போனது, புது எச்சம் விழவில்லை. இனி தாழ் போட்டுக் குளிக்கலாம் என்று டாக்டர் சம்மதம் கொடுத்த அன்று பேச்சிக்கனி தானே கடைத்தெருவுக்குப் போய், கடைக்காரர் எடுத்துப்போட்டதையெல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்து, இருப்பதிலேயே கனமான தாழ்ப்பாளாக வாங்கிவந்து, தானே ஸ்குரூ முடுக்கினாள். அன்றைக்கு அவள் குளித்துவிட்டு வர வெகுநேரம் ஆனது. அம்மா பழக்கத்தில் “கனீ” என்றாள். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது, பிறகு ஒரு சிரிப்பு. எனக்குத் தெரிந்து அந்த ஊரில் ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

ஊர் இடிந்துபோய்விட்டது. புரட்டாசி அமாவாசைக்கு இலை காய்ந்தது. தை அமாவாசைக்கும் காய்ந்தது. பேச்சிக்கனிக்கு முதல் திருநீறு நின்றது, கடைத்தெருவில் அவளைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “நம்ம பிள்ளைக பட்டினி கெடக்க, இவ சொகமாத் திரியுறா” என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். டாக்டர் நஸ்ரின் ஊரில் வந்து பேசும்போது, வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடக் கூடாது, அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது, மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது என்று விளக்கமாகச் சொல்லியிருந்தார். ஊர் அத்தனை கவனமாக ஒரு டாக்டர் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் வீட்டுக்கு நேர் எதிரே கம்பம் நட்டுக் குழாய் ஒலிபெருக்கி கட்டி விடிய விடியப் பக்திப் பாட்டுப் போட்டார்கள். விரதம் இரு, கல்யாணம் கூடும் என்று பெண்கள் வந்து அக்கறையாகச் சொல்லிப்போனார்கள். பேச்சிக்கனி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கினாள், வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கை நீட்டி அம்மாவிடம் காட்டினாள்.

ஆடி நெருங்கியதும் ரெங்கையா நேராகவே வந்து கேட்டார். “ஒரே ஒரு நாளுத்தா. ஒரு அமாவாசைக்கு மட்டும் அந்த மாத்திரைய நிப்பாட்டக் கூடாதா? எம் பையன் பசியோட இருக்கான்.” கெட்ட மனுஷன் இல்லை, கேட்கும்போதே அழுதார். பேச்சிக்கனியும் அழுதாள். ஆனால் மாட்டேன் என்றாள். “ஒங்க பையனுக்கு ஒரு வேளச் சோறு சின்னய்யா. எனக்கு நான் முழுசா” என்றாள்.

குருவம்மாள் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் கேட்டதைவிட அவளுக்குத்தான் அதிகமாக வேண்டியிருந்தது, வெட்கத்தில் வெளியே சொல்லவில்லை. காலைச் சாய்த்துத் தத்தித் தத்தி வருகிற ஒரு காக்காயிடம் அவள் மாடியில் நின்று என்னென்னவோ பேசியிருக்கிறாள், உயிரோடு இருந்தவரிடம் பேசாததையெல்லாம். ஆடி அமாவாசைக்குச் சில நாள் முன்னால், மகள் குழாய் உருட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைப் புட்டியில் இருந்ததை முந்தியில் கொட்டிக்கொண்டு, மருந்துக்கடையில் வாங்கிவந்த சத்து மாத்திரைகளைப் புட்டியில் போட்டாள். அதே வெள்ளை, அதே வட்டம். சத்து மாத்திரைதானே, உடம்புக்கு நல்லதுதானே என்றும் நினைத்துக்கொண்டாள். அமாவாசை அன்று மகளைப் பாயை விட்டு எழவிடக் கூடாது, தலையணையை அண்டக்கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இத்தனை வருஷம் காப்பாற்றியவளுக்கு ஒரு நாள் காப்பாற்றத் தெரியாதா?

அமாவாசைக் காலையில் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அமாவாசை என்றும் பார்க்காமல் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு தனியாக, கத்திரிக்காய் போடாமல். “அம்மா, தலைக்கு ஊத்திட்டு வாரேன்” என்று பேச்சிக்கனி எப்போது எழுந்தாள், எப்போது சொன்னாள் என்று குருவம்மாள் கவனிக்கவில்லை. வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவள்தான் “ம்” என்று சொன்னாள்.

எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது வெளிச்சம் மங்கியது. தெருவில் ஒரு கூச்சல், மாடிப்படிகளில் திமுதிமுவென்று கால்கள், “வந்துட்டாக, வந்துட்டாக!” குருவம்மாள் இலையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அவர் வந்திருந்தார். காலைச் சாய்த்துக் கைப்பிடிச் சுவரில் தத்தித் தத்தி வந்தார். “எம்புட்டு நாளாச்சு” என்று உட்கார்ந்து அழுதாள். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, ஒலிபெருக்கிக்காரன் தூங்க விடமாட்டேன் என்கிறான், கனிக்கு இப்போதெல்லாம் சதை போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். அடுத்த மாடியிலிருந்து ரெங்கையா, “மதினி, பாத்திகளா, இன்னைக்கு ஒருத்தரும் அவசரப்படவே இல்ல. வயிறாரச் சாப்டுறாக” என்றார். இலையைத் துடைத்துவிட்டுப் போகிற பறவைகள், சாப்பிட்டு முடித்தும் போகாமல் உட்கார்ந்திருந்தன. இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவந்து போட்டார்கள். அதையும் சாப்பிட்டன. போகவில்லை. ஊரே கைகூப்பி நின்றது.

குருவம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் கண் திறந்தால்தானே இதுகள் போகும்.

கீழே வந்தாள். பாய் சுருட்டி வைத்திருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. “கனீ” என்றாள். கதவைத் தள்ளினாள். “கனீ, கனீ” என்றாள். ரெங்கையா ஓடிவந்து தோளால் இடித்தார், ஆட்கள் கடப்பாறை கொண்டுவந்தார்கள். நல்ல தாழ்ப்பாள். பார்த்துப் பார்த்து வாங்கியது. கடைசியில் கதவுதான் உடைந்தது, அது உடையவில்லை. தொட்டித் தண்ணீருக்குள் முகம் இருந்தது.

டாக்டர் நஸ்ரின் வந்தார். வெள்ளைப் புட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், விரலால் உருட்டிப் பார்த்தார். “யாரு?” என்று கேட்டார். ஓட்டின் மேலும் சுவரின் மேலும் நிறைந்து கிடந்த காக்காய்கள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்ததால், யாருக்கும் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

அவள் கண் திறக்கவில்லை என்பதால் காக்காய்கள் பிறகு போகவே இல்லை. இன்றும் போனால் பார்க்கலாம், வெள்ளூரணியில் வெயில் தரையில் விழாத அளவுக்குக் காக்காய். எந்த வெடிக்கும் பயப்படுவதில்லை. அமாவாசை வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் பிடுங்கித் தின்கின்றன. வடகம் காயப்போட முடியவில்லை என்று பெண்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ரெங்கையாவின் மகன் மூன்று வேளையும் வடை கேட்கிறான். பேச்சிக்கனி பேரில் ஒரு மண்டபம் கட்டலாம் என்று ஊரில் பேச்சு இருக்கிறது.

ஒரு வீட்டு மாடியில் மட்டும் அவை உட்காருவதில்லை. பதினாறாம் நாள் குருவம்மாள் மகளுக்குப் பிடித்த சீனிப் பணியாரம் சுட்டு, இலை போட்டு, மாடியில் வைத்துவிட்டு நின்றாள். சுற்றியிருந்த மாடிகளில் கறுப்பாக உட்கார்ந்திருந்த அத்தனை பறவைகளும் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தன. தத்தித் தத்தி வருகிற அந்த ஒன்றும் அங்கேதான் இருந்தது, அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூப்பிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி ஞாபகப்படுத்தினாள். குருவம்மாள் வாயைத் திறந்தாள். “கா” என்று கூப்பிடத்தான் நினைத்தாள், “கனீ” என்று வந்தது. மறுபடியும் “கனீ” என்றாள். ஊர்க் காக்காய் எல்லாம் வாயடைத்துப்போக, அந்தி சாயும்வரை நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு “ம்” வரவில்லை.